பதினாறு கட்டமும் ஒரு ஜெனிஃபாவும்

எங்கள் ஷூ கம்பெனியில் எதைக் கேட்டாலும் ஜோடிக் கணக்கில்தான் பதில் வரும். "இன்னைக்கு எவ்ளோ?" என்றால் "எட்டுநூறு" என்பார்கள். ஜோடி என்ற சொல்லைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். எங்கள் மேனேஜர் சத்தார் சாருக்கு இந்தப் பழக்கம் ரத்தத்திலேயே ஊறிவிட்டது. ஒருமுறை பேக்கரியில் பத்து சமோசா சொல்லி அனுப்பிவிட்டு, இருபது வரவில்லையே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர் அவர்.

நான் பாரதி. இதே கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். முடிந்து வரும் ஷூவில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் வாயும் கொஞ்சம் அப்படி ஆகிவிட்டது. என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கதவு. அதற்குப் பின்னால் இருப்பதுதான் கம்ப்யூட்டர் ரூம். அதற்குள் இருப்பவள் என் தோழி ஜெனிஃபா.

மே மாதத்து ஆம்பூர் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடமாடும் ஒரே பெண் அவளாகத்தான் இருக்கும். சர்வருக்காக அந்த அறையில் ஏசி நாள் முழுக்க ஓடும். மனுஷிக்குக் குளிருமே என்று யோசித்து அதை வைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளைப் பார்த்த கட்டிங் செக்‌ஷன் ஆட்கள், பாவம் அந்தப் பெண்ணுக்குத் தீராத காய்ச்சல் என்று பேசிக்கொண்டார்கள். யாரோ ஒருவர் கஷாயம்கூடக் கொண்டுவந்து கொடுத்தார். மனம் நோகக் கூடாதென்று அதைக் குடித்துவிட்டு வாந்தி எடுத்தாள். அவள் குணம் அப்படி. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள்.

அப்படித்தான் மூர்த்தி சாரின் வேலையையும் வாங்கிக்கொண்டாள். டைம் ஆபீசில் இருந்த மூர்த்தி சார் ரிட்டையர் ஆகி சோளிங்கர் பக்கம் சொந்த ஊருக்குப் போனபோது, "புது ஆள் வர்ற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கம்மா" என்றார் சத்தார் சார். மூர்த்தியின் நாற்காலியும் கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்தது. புது ஆள் வரவே இல்லை. அந்த நாற்காலியில் இப்போது ஜெனிஃபாவின் சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கிறது. சென்னை ஹெட் ஆபீஸ் கணக்கில் மட்டும் அந்த இடத்தில் ஆள் இருக்கிறது. அங்கேயும் ஜெனிஃபா பெயர்தான்.

டைம் ஆபீஸ் வேலை என்றால் லேசு என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் கைரேகை மிஷின் முன்னால் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். பேஸ்டிங் டேபிளில் பசை தடவித் தடவி அவர்கள் விரலில் ரேகை தேய்ந்து போயிருக்கும். மிஷின் அவர்களை ஆளாகவே மதிக்காது. விரலைச் சேலையில் துடைத்து, ஊதி, மறுபடி வைத்து, அப்போதும் சிவப்பு விளக்குதான் எரியும். ஜெனிஃபா ஓடி வந்து ஒவ்வொருவர் பெயரையும் கையாலேயே பதிவாள். அது முடிவதற்குள் கட்டிங்கில் இருந்து சிஸ்டம் வேலை செய்யவில்லை என்று போன் வரும்.

வீட்டுக்காரர் ஜார்ஜ் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரே மகள் ஃபீபி, வேலூரில் நர்சிங் முதல் வருஷம். அந்தப் பெண் பள்ளியில் படித்தபோது கிறிஸ்துமஸ் நாடகத்தில் மரியாளாக நடித்தாள். ஜெனிஃபா போனாள், ஆனால் லேப்டாப்போடு போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, மடியில் அதைத் திறந்து வைத்து, ஏதோ நின்றுபோன பிரிண்டரைக் கவனித்துக்கொண்டே நாடகம் பார்த்தாள். முடிந்ததும் ஃபீபி வந்து, "அம்மா, நீ பாதிதான் வந்த" என்றாளாம். இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் டிபன் பாக்சை மூடி வைத்துவிட்டாள், அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்த வார்த்தை அவளுக்குள் தைத்துக்கொண்டு இருந்தது எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் ஃபீபிக்கு விளக்கேற்றும் விழா. நர்சிங் படிக்கும் பிள்ளைகள் வெள்ளை உடுப்பு போட்டு, கையில் விளக்கேந்தி உறுதிமொழி எடுப்பார்கள். வியாழக்கிழமை மாலை. ஜெனிஃபா ஒரு மாதத்துக்கு முன்பே லீவு எழுதிக் கொடுத்தாள். சத்தார் சார் தாடியைத் தடவினார்.

"இன்னாம்மா நீ, சிஸ்டமும் நீ, டைம் ஆபீசும் நீ. ஒரே நாள்ல ரெண்டு போஸ்ட் காலின்னு மெட்ராஸ்ல கேப்பாங்களே. பாக்கலாம்."

வேலைக்கும் அவள் இரண்டு ஆள், லீவுக்கும் இரண்டு ஆள், சம்பளத்துக்கு மட்டும் ஒரே ஆள். நானாக இருந்தால் அந்த அறையிலேயே கத்தியிருப்பேன். அவள் "சரி சார்" என்று வந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பதினாறு கட்டம் பிரச்சினை கிளம்பியது.

கம்ப்யூட்டர் ரூம் சுவரில் பெரிய டிவி ஒன்று மாட்டியிருக்கிறது. சர்வர் எப்படி ஓடுகிறது என்று ஒரு சாஃப்ட்வேர் அதில் காட்டிக்கொண்டே இருக்கும். நாலு வரிசை, வரிசைக்கு நாலு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் பச்சைக் கோடு ஏறி இறங்கும். ஷூ ஆர்டர் கொடுக்க வெளிநாட்டு பையர் யார் வந்தாலும் சத்தார் சார் அந்த டிவி முன்னால் நிறுத்தி, "சிக்ஸ்டீன்!" என்று பெருமையாகச் சொல்வார். பதினாறு என்ன என்று அவருக்கும் தெரியாது, வந்தவரும் கேட்டதில்லை.

ராணிப்பேட்டையில் எங்களுக்கு இன்னொரு யூனிட் தொடங்கப் போகிறார்கள். அதன் வேலையை எந்த சர்வரில் ஏற்றுவது என்று ஹெட் ஆபீஸ் ஒவ்வொரு இடமாக விசாரித்தது. உங்கள் சர்வரில் எத்தனை பிராசசர் என்று கேட்டார்கள். ஜெனிஃபா "எட்டு" என்று எழுதி, அனுப்பச் சொல்லி சத்தார் சாரிடம் கொடுத்தாள்.

சத்தார் சார் எட்டைப் பார்த்தார். டிவியில் பதினாறு கட்டத்தைப் பார்த்தார். நம்ம பெண் பழக்கதோஷத்தில் ஜோடிக் கணக்கில் எழுதிவிட்டது, மெட்ராஸ்காரர்களுக்கு இது புரியாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நல்ல மனசோடு எட்டை அடித்துவிட்டு, "பதினாறு" என்று திருத்தி அனுப்பிவிட்டார்.

உலகத்தில் வேறு எந்த ஊர் மேனேஜரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

ஹெட் ஆபீசில் இதைப் பார்ப்பவர் ஹேமந்த் என்ற இளைஞர். மரியாதையானவர், ஆனால் எதையும் எண்ணாகத்தான் பார்ப்பார். அதே சாஃப்ட்வேரின் திரை அவருக்குச் சென்னையிலும் தெரியும். திங்கட்கிழமை, சத்தார் சாரும் கம்ப்யூட்டர் ரூமில் இருந்தபோது போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கண்ணாடிக் கதவைத் தாண்டி எனக்கும் கேட்டது.

"சார், உங்க சர்வர் பதினாறுல அம்பது பர்சென்ட்தான் ஓடுது. பாதி சும்மா இருக்கு. ராணிப்பேட்டை வேலைய வியாழக்கிழமை அதுலயே ஏத்திடலாம். மேடம் அன்னிக்கு முழு நாளும் கூட இருக்கணும்."

வியாழக்கிழமை என்றதும் ஜெனிஃபா முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கவே வேண்டாம்.

"சார், பாதி சும்மா இல்ல சார்" என்றாள். "அது எட்டுதான். கட்டம் மட்டும்தான் பதினாறு."

"மேடம், ஸ்கிரீன்ல பதினாறு தெரியுதே."

"தெரியும் சார். ஆனா..."

"டெஸ்ட் வேணும்னா முன்னாடியே ஒருதடவ பண்ணிப் பாத்துடுங்க. தேங்க் யூ மேடம்." போனை வைத்துவிட்டார்.

மதியம் சாப்பிடும்போது எனக்கு விளக்கினாள். சர்வருக்குள் நிஜ மூளை எட்டுதான். ஒவ்வொரு மூளைக்கும் வேலையை வாங்கிக்கொள்ள இரண்டு வாசல். ஒரு வாசலில் வந்த வேலை எதற்காகவோ காத்துக்கொண்டிருந்தால், அந்த இடைவெளியில் மற்ற வாசலில் வந்ததை மூளை கொஞ்சம் கவனிக்கும். சாஃப்ட்வேர் வாசலுக்கு ஒரு கட்டம் போட்டுப் பதினாறு காட்டுகிறது. எட்டு மூளையும் மூச்சு முட்ட ஓடினாலும், மூளைக்கு ஒரு வாசல் சும்மா இருந்தால், பாதிதான் வேலை நடக்கிற மாதிரி திரையில் தெரியும்.

"அப்ப அந்த டிவி பொய் சொல்லுதா?" என்றேன்.

"பொய் இல்ல பாரதி. கீழ சின்ன எழுத்துல எட்டுன்னும் போட்ருக்கு. யாரு படிக்கறாங்க?"

சத்தார் சாரிடமும் இதையே சொல்லிப் பார்த்தாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பேஜார் பண்ணாதம்மா. ஜோடின்னா ரெண்டு ஷூ. வலதும் ஷூதான், இடதும் ஷூதான். ஒண்ணு நிஜம், ஒண்ணு நிழல்னு உண்டா?" என்றார். லீவுக்காக இந்தப் பெண் சாக்குச் சொல்கிறது என்று வெளியே வந்து வேறு யாரிடமோ சொன்னார். அது ஜெனிஃபா காதிலும் விழுந்தது. அன்றைக்குத்தான் அவள் கண்ணில் தண்ணீர் பார்த்தேன். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தில், அன்று மாலை வந்த ஷூக்களில் இல்லாத குறையெல்லாம் கண்டுபிடித்தேன்.

மறுநாள் காலை ஜெனிஃபா ஹேமந்த் சொன்னபடியே டெஸ்ட் போட்டாள். ராணிப்பேட்டையில் வரப்போகும் வேலையின் நகலை ஒரு மணி நேரத்துக்கு எங்கள் சர்வரில் ஏற்றினாள்.

எங்கள் கட்டிங் மேஜையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். தோலை மேஜையில் விரித்தால், மேலிருக்கும் கேமரா அதைப் படம் பிடிக்கும். கீறல், உண்ணி கடித்த தழும்பு எல்லாவற்றையும் ஒதுக்கி, எந்த இடத்தில் எந்தத் துண்டை வெட்டலாம் என்று சர்வர் கணக்குப் போட்டு, தோலின்மேல் வெளிச்சத்தால் கோடு போட்டுக் காட்டும். அப்புறம் கத்தி தானாக இறங்கி வெட்டும். எல்லாம் சட்டென்று நடக்கும். வெட்டுகிறவர்கள் தோலை விரித்த கையை எடுப்பதற்குள் கோடு வந்துவிடும்.

அன்றைக்குக் கோடு வரவில்லை. தோலை விரித்தார்கள், நின்றார்கள். வெளிச்சம் விழவில்லை. நல்ல விலை போட்டு வாங்கிய கன்றுத் தோல் மேஜையில் சும்மா கிடந்தது. ஒரு ஆள் கையைக் கட்டிக்கொண்டார், இன்னொரு ஆள் டீ குடிக்கப் போய்ட்டு வரலாமா என்று கேட்டார். இதைச் சத்தார் சார் பார்த்துவிட்டார். ஆள் சும்மா நிற்பதைப் பார்த்தால் அவருக்கு உடம்பே எரியும். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"இன்னாம்மா ஆச்சு? கட்டிங் நிக்குது!"

ஜெனிஃபா டிவியைக் காட்டினாள். எழுபது சதவீதம் என்று இருந்தது.

"இன்னும் முப்பது காலியா இருக்கே! அப்புறம் ஏன் நிக்குது?"

அவள் டெஸ்டை நிறுத்தினாள். "கொஞ்சம் கீழ வாங்க சார்" என்றாள். எதிர்த்து வாய் பேசாத ஜெனிஃபா மேனேஜரைக் கூப்பிடுகிறாள் என்றதும் எனக்கு வேலை ஓடவில்லை. நானும் ஒரு ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

பேஸ்டிங் டேபிளில் அன்வரி பேகமும் இன்னும் ஐந்து பேரும் வேலையில் இருந்தார்கள். ஆளுக்கு இரண்டு ட்ரே. முன்பெல்லாம் ஒரே ட்ரேதான். பசை தடவிவிட்டு, அது காய்கிற வரைக்கும் பெண்கள் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். அது பொறுக்காமல் இரண்டாவது ட்ரேயைக் கொண்டுவந்தவர் சத்தார் சார்தான். ஒரு ட்ரே காயும்போது மற்றதில் தடவலாம். அது அவருடைய பெரிய சாதனை, யார் வந்தாலும் சொல்வார்.

ஜெனிஃபா அந்த டேபிள் முன்னால் நின்றாள்.

"சார், இங்க எத்தன பேர் வேல செய்யறாங்க?"

"ஆறு பேர். கண்ணு தெரியலியா?"

"ட்ரே பன்னெண்டு இருக்கே சார்."

"ட்ரே இருந்தா? ட்ரேவா வேல செய்யும்? கைதானே செய்யணும்! ரெண்டு ட்ரே வச்சா மூணுல ஒரு பங்கு ஜாஸ்தி வரும், அவ்ளோதான். டபுளா வரும்னு எந்த மடையன்..."

அங்கே நிறுத்திவிட்டார். பாதி திறந்த வாய் அப்படியே இருந்தது. ட்ரேக்களைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். அன்வரி பேகம் ஒன்றும் புரியாமல், தன் வேலையில் ஏதோ தப்பு என்று நினைத்து, "இன்னா சார்?" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா, நீ செய்யி" என்றார் சத்தார் சார், என்றைக்கும் இல்லாத மெதுவான குரலில். அப்புறம் ஜெனிஃபாவிடம் கேட்டார். "அப்ப மேல இருக்கற கட்டம் பூரா ட்ரேவா?"

"ஆமா சார்."

"இத நேத்தே இந்த மாதிரி சொல்லிருக்கலாம்லம்மா!"

புதன்கிழமை அவரே கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்து, ஸ்பீக்கரில் ஹேமந்துக்குப் போன் போட்டார். இந்த முறை கண்ணாடிக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள், எனக்கு வசதியாகப் போயிற்று. பசை, ட்ரே, காய்வது, கை என்று அவர் விளக்கிய விளக்கத்தில், கம்ப்யூட்டரை உண்டாக்கியவரே அவர்தான் என்று தோன்றியிருக்கும். எட்டை அடித்துப் பதினாறு என்று எழுதியது தான்தான் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். ஹேமந்த் டெஸ்டின் படத்தையும் பார்த்திருந்தார். நியாயமான ஆள், ஒப்புக்கொண்டார்.

"சரி சார். ராணிப்பேட்டைக்குத் தனி சர்வர் வாங்கிடலாம். நாளைக்கு ஏத்த வேணாம். ஆனா நாளைக்கு இடம் பாக்க ஒரு ஆள் அனுப்பறேன். மேடம் லீவுல இருந்தாலும் பரவால்ல. உங்க டைம் ஆபீஸ்லதான் இன்னொருத்தர் இருக்காங்களே, அவங்க காட்டட்டும்."



"அதுவும் நான்தான் சார்" என்றாள் ஜெனிஃபா.

"இல்ல மேடம், எங்களுக்கு உங்க ரூம்ல ரெண்டு பேர்னு காட்டுது. அதனாலதான் ரெண்டு பேருக்கும் வேல கம்மின்னு..."

சத்தார் சார் மூர்த்தியின் நாற்காலியைப் பார்த்தார். அதில் சாப்பாட்டுப் பை இருந்தது. எத்தனையோ தடவை அந்த அறைக்கு வந்து போனவர், அன்றைக்குத்தான் அதைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். திங்கட்கிழமையிலிருந்து அவர்மேல் இருந்த கோபம் எனக்கு அந்த இடத்தில்தான் போயிற்று.

"ஆள் ஒருத்திதான் சார்" என்றார். "ரெண்டாவது ட்ரே வச்சது நான்."

 பிறகு ஹேமந்த், டைம் ஆபீசுக்கு உடனே ஆள் எடுக்கச் சொல்லி எழுதுவதாகச் சொன்னார். இடம் பார்க்க வரும் ஆளை அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்றார். நாளைக்கு சர்வரைச் சென்னையிலிருந்து தானே கவனித்துக்கொள்வதாகவும் சொன்னார்.

"கைரேகை மிஷினு?" என்றாள் ஜெனிஃபா. லீவு கிடைத்த பிறகும் அவளுக்கு அதுதான் கவலை.

"நான் நிக்கறேன். நீ போம்மா" என்றார் சத்தார் சார். அவள் கிளம்பும்போது கையை நீட்டினார். "போன இங்க வச்சிட்டுப் போ."

"சார்?"

"வச்சிட்டுப் போம்மா. சார்ஜரையும் குடு. உங்கிட்ட இருந்தா நானே நாளைக்கு நாப்பது தடவ கூப்புடுவேன், எனக்கு என்னப் பத்தித் தெரியும்."

வியாழக்கிழமை காலை, தேய்ந்த விரல்களோடு நின்ற பெண்களின் பெயரைச் சத்தார் சார் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பதிந்தார். பாதிக்குமேல் தப்பு. ஜோதி என்ற பெண்ணை இரண்டு முறை உள்ளே அனுப்பிவிட்டார். மதியத்துக்குள் அவருக்குத் தலைவலி வந்து மாத்திரை போட்டார். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன். நான் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு வேலூர் பஸ் ஏறினேன்.

கல்லூரி ஹாலில் ஜெனிஃபாவை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. ஸ்வெட்டர் இல்லாமல் அவளை நான் பார்த்ததே குறைவு. மாம்பழ நிறப் பட்டுச்சேலையில், ஜார்ஜ் பக்கத்தில், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கை மட்டும் பழக்கத்தில் அடிக்கடி ஹேண்ட்பேக்குக்குள் போய்ப் போனைத் தேடியது. இல்லை என்று தெரிந்ததும் வெளியே வந்தது. ஹால் விளக்குகளை அணைத்தார்கள். முதல் பிள்ளை ஏற்றிய சுடர் ஒவ்வொரு விளக்காகக் கைமாறி வந்தது. ஃபீபியின் விளக்கு பற்றியபோது ஜெனிஃபாவின் கை ஹேண்ட்பேக் பக்கம் போகவே இல்லை.

விழா முடிந்ததும் ஃபீபி இன்னும் எரிந்துகொண்டிருந்த விளக்கோடு எங்களிடம் வந்தாள். முதலில் அம்மாவின் மடியைப் பார்த்தாள். லேப்டாப் இல்லை. அப்புறம் கையைப் பார்த்தாள்.

"போன் எங்கம்மா?"

"சத்தார் சார்ட்ட குடுத்துட்டு வந்துட்டேன்."

ஃபீபி நம்பாமல் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"அப்போ முழுசா வந்திருக்க?"

ஜெனிஃபா எழுந்தாள். மகள் கையிலிருந்த விளக்கை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் அவளைக் கட்டிக்கொண்டாள்.